எட்டாயிரத்து நானூறு

பாடலீஸ்வரன் டிபன் கேரியரோடு
சிப்காட் பஸ் ஏறிப் போனதும்
எனக்கு வேலை தொடங்கும்.
முதுநகரில் அந்நேரம் விழித்திருப்பது
ரயில்வே கேட்காரர், நான்,
பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார்.

வானவியல் என்றால் மொட்டைமாடியில்
கழுத்து வலிக்க நிற்பது என்று
சிலிண்டர் போட வருகிறவர் நினைக்கிறார்.
"மேகமா இருக்கே, இன்னைக்கு லீவாம்மா?"
இந்த ஊர் மேகம் என்னை ஒன்றும் செய்யாது அண்ணே.
மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு மலையில்
என் பேருக்கு வருஷத்தில் இரண்டு இரவு.
மிச்ச இரவெல்லாம்
அந்த இரண்டையும் சுத்தம் செய்வதுதான்.
அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி
காஸ்மிக் கதிர் விழுந்த புள்ளிகளைப் பொறுக்கி
நிலவைக் கழித்து
வானத்தையே கழித்து
மிஞ்சுகிற ஒரு கோணல் கோட்டை
உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பது.

அந்தக் கோட்டில் ஒரு மேடு இருந்தது.
எட்டாயிரத்து நானூறு ஆங்ஸ்ட்ரம்.
ஹைட்ரஜனின் ஒளி,
வழியெல்லாம் இழுபட்டுச் சிவந்துபோனது என்று எழுதினேன்.
புறப்பட்டு ஆயிரத்து இருநூறு கோடி ஆண்டுக்கு மேல்.
அந்த கேலக்ஸிக்கு எண்தான் உண்டு, பெயர் கிடையாது.
எனக்குள் மட்டும் 'கெடிலம்' என்று கூப்பிட்டுக்கொண்டேன்.
வரைபடத்தில் இருக்கும்,
பாலத்தில் நின்று பார்த்தால் பெரும்பாலும் மணல்.
கட்டுரை ஏற்கப்பட்டது.
துறைத் தலைவர் அரைக் கிலோ பாதுஷா அனுப்பினார்.

நேற்று, எதற்கோ,
பக்கத்துத் துண்டு வானத்தின் நிறமாலையைத் திறந்தேன்.
அதே எட்டாயிரத்து நானூறில்
அதே மேடு.
அங்கே கேலக்ஸி எதுவும் இல்லை.

கரண்ட் போய் இன்வெர்ட்டர் கத்தியது.
கத்தட்டும் என்று விட்டுவிட்டு
மறுபடி கழித்தேன், இந்த முறை ஒழுங்காக.
மேடு போயிற்று.

நான் சரியாகக் கழிக்காமல் விட்ட வானம் அது.
பகலில் வெயில் உடைத்த காற்று
இரவில் ஒன்றோடொன்று சேரும்போது விடுகிற
மெல்லிய வெளிச்சம்.
தொண்ணூறு கிலோமீட்டர் உயரத்தில்,
அந்த மலைக்கும் மேலே, இந்த மாடிக்கும் மேலே.
இங்கிருந்து திருவண்ணாமலைக்கு
காக்கை பறக்கிற தூரம்.
காலத்தின் கரை என்று நான் கையெழுத்துப் போட்டது
இந்த தூரத்தைத்தான்.

வீட்டில் இருக்க முடியாமல்
நாலரைக்குத் துறைமுகம் போனேன்.
மீன் என்றால் விண்மீனும்தான் என்று
சிலேடை பேச அங்கே யாருக்கும் நேரமில்லை.
ஏலம் சூடாக இருந்தது.
ஒருத்தி வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்து
"செவப்பே இல்லியே" என்று தள்ளிவிட்டாள்.
அவளுக்குச் சிவப்பு என்றால் புதுசு.
எனக்குச் சிவப்பு என்றால் பழசு.
அவள் கை வைத்துப் பார்க்கிறாள்,
அதுதான் வித்தியாசம்.

ஆறரைக்கு அவன் வந்தான்,
பால் பாக்கெட்டும் கந்தக வாடையும்.
சாயக் கம்பெனியில் அவனுக்கு நிறம் பார்க்கிற வேலை.
ஷேடு கார்டை வைத்து வைத்துப் பார்த்து
ராத்திரி ஒரு பேட்ச் நீலத்தை
வேண்டாம் என்று எழுதிக்கொடுத்திருக்கிறான்.
"நாலு டன்.
ஒரு நூல் பச்சை கலந்திருந்துச்சு.
மேனேஜர் மூஞ்சிய பாக்க முடியல."

என் நீலத்தை, இல்லை, சிவப்பை
அவனிடம் சொன்னேன்.
கை கழுவியபடி கேட்டான்,
நகக்கண்ணில் மட்டும் அந்த நிறம் போகவில்லை:
"அப்ப அந்த கேலக்ஸியே இல்லியா?"

இருக்கு. படத்துல இருக்கு, மங்கலா.
எவ்வளவு தூரம்னுதான் தெரியல.

"பாதுஷாவத் திருப்பிக் கேப்பாங்களா?"

சிரித்துவிட்டேன்.
அவன் தூங்கப் போனான்.
ஆசிரியர் குழுவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.
'மதிப்பிற்குரியீர்,
முன்பு அனுப்பிய எண் தவறு' என்பதற்கு மேல்
ஒரு வரி ஓடவில்லை.
வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது,
காற்றை உடைக்க ஆரம்பித்திருக்கும்.

கீழே பெயரைப் போட்டேன்:
சீ. தில்லைநாயகி, கடலூர்.
அது மட்டும் சந்தேகமில்லாத இடம்.